இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடுவது எப்படி? வாட், சூடு, ஃபிரேம்: முழுமையான வழிகாட்டி

போன சித்திரையில் ஒரு கல்லூரித் தம்பி இரண்டு கார்டுகளின் கணக்கை எழுதிக்கொண்டு காரைக்குடியில் உள்ள என் கடைக்கு வந்தார். முதல் கார்டு 71 டிகிரி, இரண்டாவது 79 டிகிரி. "அண்ணே, ரெண்டாவது சரியில்ல. ரொம்பச் சூடாகுது, திருப்பிக் கொடுத்துரலாமா?" என்று கேட்டார். எங்கே வைத்து அளந்தீர்கள் என்று விசாரித்தேன். முதல் கார்டை விடியற்காலையில் அவர் ஆச்சி வீட்டு வளவை (நடுமுற்றத்தை) ஒட்டிய அறையில் அளந்திருக்கிறார். இரண்டாவதை அவருடைய மாடி அறையில், மதியம் மூன்று மணிக்கு.

இரண்டு அறைகளிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கீழறை 28, மாடி 38. அறைச் சூட்டைக் கழித்தால் முதல் கார்டு 43 டிகிரி ஏறியிருக்கிறது, இரண்டாவது 41 தான். அவர் திருப்பிக் கொடுக்க நினைத்தது நல்ல கார்டை.

வாட், சூடு, ஃபிரேம் (ஒரு விநாடியில் கார்டு வரையும் படங்களின் எண்ணிக்கை) மூன்றும் ஒரே ஓட்டத்தில், ஒரே அறையில், ஒரே மெஷினில் எடுக்கப்பட்டிருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். அதற்கான வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் பெரும்பாலும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

1. மாடலை ஒப்பிடுகிறீர்களா, கையில் இருக்கும் கார்டையா?

இதை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்பது ஒரு சிப். அதையே ஒரு கம்பெனி ஒற்றை ஃபேனோடும், இன்னொரு கம்பெனி மூன்று ஃபேனோடும் விற்கும். ஃபிரேமும் வாட்டும் பெரும்பாலும் சிப்பைப் பொறுத்தவை. சூடும் சத்தமும் மேலே உட்கார்ந்திருக்கும் கூலரைப் பொறுத்தவை. ஒரு கார்டை அளந்துவிட்டு "4060 சூடாகாது" என்று மாடலுக்கே தீர்ப்பு எழுதுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

பெயரை மட்டும் நம்பவும் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. 8 ஜிபி கார்டில் மெமரி பாதையும் குறுகலானது. ஜிடிஎக்ஸ் 1650-லும் மெமரி வகை மாறி மாறி வந்திருக்கிறது. கார்டை மாட்டியதும், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து சிப் பெயர், மெமரி அளவு, மெமரி வகை, பஸ் அகலம் (மெமரி பாதையின் அகலம்) நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சிப்பில் புதுப் பெயரைப் பதிந்து விற்கும் போலிகளையும் பல சமயம் அதுவே காட்டிக்கொடுக்கும்.

கம்பெனி சொல்லும் வாட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். இங்கே அடிக்கடி கைக்கு வரும் கார்டுகளுக்கு: ஜிடிஎக்ஸ் 1650 என்றால் 75, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 125, ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) 170, ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115, ஆர்எக்ஸ் 6600 என்றால் 132, ஆர்எக்ஸ் 7600 என்றால் 165. நீங்கள் அளக்கும் எண் இதற்கு வெகு தூரத்தில் நின்றால், அளவில் தவறு இருக்கலாம். அல்லது அந்தக் கார்டின் பவர் லிமிட்டை (எவ்வளவு வாட் வரை இழுக்கலாம் என்ற வரம்பை) யாரோ மாற்றியிருக்கலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

சுவர் பிளக்குக்கும் கம்ப்யூட்டர் வயருக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் ஒன்று. அறைத் தெர்மாமீட்டர் ஒன்று. சாஃப்ட்வேரில் ஜிபியு-இசட், சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூ-இன்ஃபோ, ஃபேனையும் பவர் லிமிட்டையும் மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மூன்றும் இலவசம். ஃபிரேமைப் பதிவு செய்ய ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாடியூனர் அல்லது கேப்ஃபிரேம்எக்ஸ். ஒரு நோட்டு, பேனா. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்து வைத்தால் அறைச் சூடும் நேரமும் அதில் இருக்காது.

வாட் மீட்டரை எங்கே செருகுகிறீர்கள் என்பது முக்கியம். யுபிஎஸ்ஸுக்கு முன்னால் செருகினால், யுபிஎஸ் தன் பேட்டரியை ஏற்றுவதற்கு இழுக்கும் கரண்டும் சேர்ந்துகொள்ளும். அளக்கும் நேரத்துக்கு மட்டும் யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவரில் போடுங்கள். கடைகளில் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்டு ஒரு கணம் துள்ளினாலே அது அலறி அணைந்துவிடும். அளவு பாதியில் போய்விடும்.

பழைய வீடு என்றால் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத பாயின்ட்டில் கேபினட்டின் தகரத்தைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாக வரும் கசிவு அது. அந்த நிலையில் கார்டு மாற்றும் வேலையே வேண்டாம்.

3. மெஷினை ஒரே நிலைக்குக் கொண்டு வாருங்கள்

இரண்டு கார்டுகளையும் ஒரே மெஷினில்தான் போட வேண்டும். நண்பர் வீட்டு மெஷினில் எடுத்த எண்ணோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்த்தால், பிராசஸரையும் கேபினட்டையும்தான் ஒப்பிட்டதாக ஆகும்.

ரேம் இரண்டு குச்சிகளாக இருக்கட்டும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங், போட்டிருக்கிறதா, பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் எட்ட விடும் ரீசைசபிள் பார் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கார்டுகளுக்கும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். போர்டு பழையதாக இருந்தால் இன்னொரு விஷயம்: ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் கார்டு ஸ்லாட்டின் எட்டு லேன்களை (டேட்டா போகும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்துபவை, ஆர்டிஎக்ஸ் 3060 பதினாறையும் பயன்படுத்தும். மூன்றாம் தலைமுறை பிசிஐ ஸ்லாட்டில் எட்டு லேன் கார்டு கொஞ்சம் பின்தங்கலாம். உங்கள் போர்டில் அதுதான் நிஜம் என்றால் அந்த எண்ணே உங்களுக்கு வேண்டிய எண். ஆனால் அதைப் புதிய போர்டு வைத்திருப்பவரிடம் சொல்லாதீர்கள்.

கார்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய டிரைவரை, டிரைவரை நீக்கும் டிடியு என்ற சாஃப்ட்வேர் கொண்டு முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறும்போது இதைத் தவிர்த்தால் விசித்திரமான தடுமாற்றங்கள் வரும், கார்டின் மீது பழி விழும். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க், ஃபிரேம் லிமிட் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கேபினட்டின் பக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து அளக்கும் பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. தினமும் திறந்து வைத்தா விளையாடப் போகிறீர்கள்?

4. அறை: பாதி வேலை இங்கேதான்

கார்டு உள்ளிழுப்பது உங்கள் அறைக் காற்றை. அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அதனால் எழுத வேண்டிய எண் கார்டின் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்தது. நான் அதை "ஏற்றம்" என்று எழுதி வைப்பேன். மார்கழியில் எடுத்த கணக்கையும் அக்கினி நட்சத்திரத்தில் எடுத்த கணக்கையும் ஏற்றத்தை வைத்து ஓரளவு ஒப்பிடலாம். வெறும் டிகிரியை வைத்து முடியவே முடியாது.

நம் பக்கத்து வீடுகளில் ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று பருவங்கள் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சும் கனத்த சுவரும் உயரமான கூரையும் உள்ள கீழறை நாள் முழுக்க அதிகம் மாறாது. மேலே பின்னாளில் கட்டிய கான்கிரீட் அறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணிக்கும் அனலாக இருக்கும். எனவே கீழறைதான் அளக்க நல்ல இடம். வளவை ஒட்டிய அறை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் வளவிலிருந்து வரும் காற்று நினைத்தபடி மாறும், ஓட்டத்துக்கு ஓட்டம் எண்ணும் மாறும்.

ஏசி அறையில் அளப்பவர்கள் கவனிக்க: ஏசி ஓடி ஓடி நிற்கும். தெர்மாமீட்டர் இருபது நிமிடத்தில் மூன்று டிகிரி ஏறி இறங்கும். ஏசியை அணைத்துவிட்டு, அறை ஒரு நிலைக்கு வந்தபின் ஆரம்பிப்பது நல்லது. சீலிங் ஃபேன் ஓடினால் இரண்டு கார்டுக்கும் ஒரே எண்ணில் ஓடட்டும்.

தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாதீர்கள். கேபினட் காற்றை உள்ளே இழுக்கும் முகப்புக்கு ஒரு சாண் தள்ளி, அதே உயரத்தில் வையுங்கள். பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் வெளியே வரும் வெந்நீராவி போன்ற காற்று சுவரில் மோதித் திரும்பவும் முன்னால் வரும். ஒரு முறை சுவர்த் தெர்மாமீட்டர் 30 காட்டியபோது கேபினட்டின் வாயில் 34 இருந்தது. அந்த நான்கு டிகிரியைத்தான் "கார்டு கோளாறு" என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தோம். கேபினட்டை ஒரு முழம் முன்னால் நகர்த்தியதும் தீர்ந்தது.

ஆத்தங்குடிக் கல் தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று கேபினட்டைத் தரையில் வைப்பவர்கள் உண்டு. தரைக்குப் பக்கத்தில் தூசியும் முடியும் அதிகம். ஒரு பலகை போட்டு வையுங்கள்.

5. சும்மா இருக்கும்போது அளப்பது

மெஷினைப் போட்டு, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சுவர் மீட்டரின் வாட்டையும், கார்டு காட்டும் வாட்டையும், சூட்டையும் எழுதுங்கள். பலருக்கு மெஷின் அதிக நேரம் இந்த நிலையில்தான் இருக்கும். நாள் முழுக்க டைப்பிங்கும் பிரவுசரும் என்றால் இதுவே உங்கள் முக்கிய எண்.

இரண்டு மானிட்டர் மாட்டினாலோ, மானிட்டரை 144 ஹெர்ட்ஸில் வைத்தாலோ சில கார்டுகள் சும்மா இருக்கும்போதே கூடுதலாக இழுக்கும். மெமரி கீழ் வேகத்துக்கு இறங்க மறுப்பதுதான் காரணம். நீங்கள் தினமும் எப்படிப் பயன்படுத்துவீர்களோ அப்படியே மானிட்டர்களை மாட்டி அளங்கள்.

இந்த நிலையில் ஃபேன் சுற்றாமல் நிற்பதைப் பார்த்துப் பதறி வருகிறார்கள். இன்றைய கார்டுகளில் பல, 50 டிகிரிக்கு மேலே போகும் வரை ஃபேனைச் சுற்ற விடுவதில்லை. ஃபேன் நிற்கும் கார்டு 48-லும், ஃபேன் சுற்றும் கார்டு 38-லும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

6. வாட்: கார்டு சொல்வதும் சுவர் சொல்வதும்

கார்டின் சென்சார் காட்டும் வாட் எல்லா மாடலிலும் ஒரே பொருளில் இருப்பதில்லை. என்விடியா கார்டுகள் முழு போர்டின் வாட்டைக் காட்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசை முழு போர்டைக் காட்டாது. ஆர்எக்ஸ் 6600 சாஃப்ட்வேரில் 100 வாட்டில் நிற்கும், ஆனால் முழுக் கார்டின் கணக்கு 132. ஆர்எக்ஸ் 7000 வரிசையிலிருந்து முழு போர்டின் எண் வருகிறது. இதைத் தெரியாமல் "6600 வெறும் 100, 4060 அதைவிட அதிகமா இழுக்குது" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கம்பெனி கார்டுகளை ஒப்பிடும்போது சுவர் மீட்டர்தான் நடுவர்.

சுவர் மீட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. அது எஸ்எம்பிஎஸ் வீணடிப்பதையும் சேர்த்துக் காட்டும். 85 சதவீதத் திறன் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், கார்டு 55 வாட் கூடுதலாக இழுக்கும்போது சுவரில் சுமார் 65 தெரியும். நீங்கள் பில் கட்டுவது அந்த 65-க்குத்தான்.

இன்னொரு சிக்கல்: வேகமான கார்டு பிராசஸரையும் அதிகமாக ஓட வைக்கும். சுவரில் தெரியும் கூடுதல் வாட்டில் பிராசஸரின் பங்கும் இருக்கும். இதைப் பிரிக்க நான் இரண்டு ஓட்டம் எடுப்பேன். ஒன்று, லிமிட் இல்லாமல் முழு வேகத்தில். இன்னொன்று, இரண்டு கார்டையும் 60 ஃபிரேமில் கட்டிப்போட்டு. அப்போது பிராசஸர் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும். மீதி வித்தியாசம் கார்டுடையது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டாவது ஓட்டம்தான் உண்மையான எண்.

மீட்டர் வோல்டேஜையும் காட்டும், அதையும் எழுதுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் கூடுதலாக வீணடிக்கும்.

7. சூடு: இருபது நிமிடப் பொறுமை

இருபது நிமிடம் ஒரே விளையாட்டை ஓட விடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் கூலரும் கேபினட்டும் இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும், அந்த எண்கள் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடச் சராசரியை எழுதுங்கள். அதே ஐந்து நிமிடத்தின் அறைச் சூட்டையும் எழுதுங்கள். மூன்றாம் நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு "64 தான் வருது அண்ணே" என்று வருபவர்களுக்கு, இருபதாம் நிமிடத்தில் 75 இருப்பதைக் காட்டியிருக்கிறேன்.

எழுத வேண்டியவை: சராசரிச் சூடு, கார்டு காட்டினால் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடத்தின் சூடு), காட்டினால் மெமரிச் சூடு, ஃபேன் ஆர்பிஎம். ஃபேன் வேகம் இல்லாத சூட்டுக்கு அர்த்தமில்லை. ஒரு கார்டு 70-ல் இருக்கலாம், ஆனால் ஃபேன் ஹெலிகாப்டர் போல இரையும். இன்னொன்று 76-ல் அமைதியாக இருக்கும். கூலரை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால் ஆஃப்டர்பர்னரில் இரண்டு கார்டின் ஃபேனையும் 60 சதவீதத்தில் பூட்டி இன்னொரு ஓட்டம் எடுங்கள். 60 சதவீதம் இரண்டிலும் ஒரே சத்தமாக இருக்காது, அதனால் காதாலும் கேட்டு எழுதுங்கள். வெயில் காலத்தில் ஃபேன் தானாக வேகம் எடுத்து ஏற்றத்தைக் குறைத்துக் காட்டும்; ஃபேனைப் பூட்டினால் அந்தக் குழப்பமும் போய்விடும்.

ஹாட்ஸ்பாட்டுக்கும் சாதாரணச் சூட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25, 30 என்று போனால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது கூலர் சமமாக உட்காரவில்லை. பழைய கார்டு வாங்குபவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும். பேஸ்ட் மாற்றித் தூசி தட்டிய பிறகு மறுபடி அளந்து, இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். தூசியோடு இருக்கும் பழைய 3060-ஐப் புது 4060-ஓடு ஒப்பிட்டால் அந்தத் தூசியைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

ஃபர்மார்க் பற்றி ஒரு வார்த்தை. அது கார்டை அதிகபட்சமாகச் சூடேற்றும் சோதனை. கூலரும் எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்குமா என்று பார்க்க ஐந்து நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டலாம். பெரும்பாலான விளையாட்டுகள் அப்படி இழுப்பதில்லை, எனவே அந்த வாட்டையும் சூட்டையும் ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். வயதான கார்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது.

8. ஃபிரேம்

பிராசஸர் தடையா என்று முதலில் பாருங்கள். ஓடும்போது கார்டின் உபயோகம் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், கார்டு காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கார்டும் ஒரே ஃபிரேம் காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ரெசல்யூஷனையோ செட்டிங்கையோ ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.

சைபர்பங்க் 2077, ஃபோர்சா ஹொரைசன் 5 போன்றவற்றில் உள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. கையால் விளையாடி அளந்தால் ஒவ்வொரு முறையும் வழி மாறும். நான்கு முறை ஓட்டி முதலாவதைத் தள்ளிவிடுங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் (படத்தை வரையக் கார்டுக்குத் தேவையான சிறு புரோகிராம்கள்) தயாராகும், தடுக்கல் அதிகம் இருக்கும். மீதி மூன்றின் சராசரி போதும். மூன்றில் ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் பின்னணியில் என்ன ஓடியது என்று தேடுங்கள்.

சராசரியோடு 1 சதவீத லோவையும் எழுதுங்கள். மிக மெதுவான ஃபிரேம்களின் கணக்கு அது. கண்ணுக்குத் தெரியும் திக்கல் அங்கேதான் இருக்கிறது. மெமரி போதாத கார்டு சராசரியில் நன்றாக இருந்து, 1 சதவீத லோவில் சரிந்துவிடும்.

சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், பிறகு ஃபிரேம் ஜெனரேஷன் மூன்றையும் அணைத்துவிட்டு அளங்கள். ஃபிரேம் ஜெனரேஷன் நடுவில் செருகும் படங்களையும் எண்ணிக்கையில் சேர்க்கும். அதை ஒரு கார்டில் போட்டு இன்னொன்றில் போடாமல் வரைந்த ஒப்பீடுகள் நிறையச் சுற்றுகின்றன.

9. கணக்குப் போடுவது

ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று எண்கள் போதும்: ஒரு வாட்டுக்கு எத்தனை ஃபிரேம், அறைக்கு மேல் எத்தனை டிகிரி ஏற்றம் (ஃபேன் வேகத்தோடு), 1 சதவீத லோ. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் கார்டு 165 வாட்டில் 90 ஃபிரேம், இரண்டாவது 112 வாட்டில் 96 ஃபிரேம். முதலாவது வாட்டுக்கு 0.55, இரண்டாவது 0.86. ஃபிரேமில் ஆறுதான் கூடுதல். அதே வேலைக்கு இழுக்கும் கரண்டில் பெரிய தூரம்.

அந்தத் தம்பியின் ஆச்சி கேட்ட கேள்வி வேறு. "ஏன்டா, இது கரண்டு எவ்வளவு திங்கும்?" அவர்களுக்கு வாட்டில் பதில் சொல்லக் கூடாது, யூனிட்டில் சொல்ல வேண்டும். நமக்குப் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தினமும் நான்கு மணி நேரம் என்றால் 60 நாளில் 240 மணி நேரம். சுவரில் 65 வாட் வித்தியாசம் என்றால் 65 பெருக்கல் 240, அதை 1000-ஆல் வகுத்தால் 15.6 யூனிட். வீட்டின் பில் ஏற்கெனவே ஒரு ஸ்லாபின் விளிம்பில் நின்றால் அந்த 15 யூனிட் அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடும். போன பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள்.

இதே மேஜையில் இன்னொரு ஓட்டமும் எடுத்துவிடலாம். அதிகம் இழுக்கும் கார்டின் பவர் லிமிட்டை ஆஃப்டர்பர்னரில் 80 சதவீதமாக்கி மறுபடி அளந்து பாருங்கள். பல கார்டுகளில் வாட் குறையும் அளவுக்கு ஃபிரேம் குறையாது. பழைய கார்டை விற்கலாமா வைத்திருக்கலாமா என்று தடுமாறுபவர்கள் இதை அளக்காமல் முடிவு எடுக்க வேண்டாம்.

10. முதல் கார்டைத் திரும்ப மாட்டுங்கள்

இந்தப் படியை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கார்டு முடிந்ததும் மெஷினை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றிவிட்டு முதல் கார்டைத் திரும்பப் போடுங்கள். டிரைவரைத் துடைத்துப் போட்டு, ஒரே ஒரு முழு ஓட்டம். ஃபிரேம் முதலில் வந்ததற்கு 2 அல்லது 3 சதவீதத்துக்குள்ளும், ஏற்றம் ஒன்றிரண்டு டிகிரிக்குள்ளும் வந்தால் நடுவில் மெஷினோ அறையோ மாறவில்லை. அதற்கு மேல் விலகினால் எது மாறியது என்று தேடிவிட்டுத்தான் இரண்டாவது கார்டின் எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

அந்தத் தம்பி இரண்டு கார்டையும் ஆச்சி வீட்டுக் கீழறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே சாயங்காலத்தில் அளந்தார். மூன்றாவதாகப் போட்ட முதல் கார்டு மறுபடியும் 43 டிகிரி ஏற்றம் காட்டியது. இரண்டாவது 40. நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மேல் ஓரத்தில், மற்ற எல்லா எண்ணுக்கும் முன்னால், "அறை 29" என்று எழுதியிருந்தது.